சிறு பாதங்களுக்கு ஏற்ற ஸ்கேட்: அளவறிந்து வாங்குவது எப்படி?

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போது, எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர் வழக்கமான ஐயங்களோடு மற்றொன்றையும் கேட்கின்றனர். "குழந்தையை ஸ்கேட்டிங் பயிற்சியில் சேர்க்கலாமா? எந்த அளவில் ஸ்கேட் வாங்குவது? வளரும் பிள்ளைதானே, இரண்டு அளவு கூட்டி வாங்கினால் என்ன?" என்பவையே அக்கேள்விகள். பயிற்சியைத் தொடங்கிய சில வாரங்களில் குதிகால் கொப்புளத்துடனோ, கணுக்கால் வலியுடனோ, மணிக்கட்டு வீக்கத்துடனோ குழந்தையை அழைத்து வருவோரும் உண்டு.

ஸ்கேட்டிங் இன்று பெருநகரங்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு அன்று. 2023-ஆம் ஆண்டு சீனத்தின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், சக்கர ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடர் போட்டியில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலப் பதக்கம் வென்றன. அவ்வணிகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் ஆகியோர் இடம்பெற்றிருந்தனர். 2025-இல் ஆனந்த்குமார் 1000 மீட்டர் விரைவோட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனார். இச்செய்திகளைத் தொலைக்காட்சியில் கண்ட குழந்தைகள் தாமும் சக்கரம் பூட்டி ஓட விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்திற்கு நாம் தடை சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல விரும்புகிறோம்: ஸ்கேட் என்பது வளர்ந்து நிரப்பிக்கொள்ளும் காலணி அன்று. இன்றைய பாதத்திற்கு இன்று பொருந்துவதே சரியான அளவு.

சாதாரணக் காலணிக்கும் ஸ்கேட்டுக்கும் உள்ள வேறுபாடு

பள்ளிக்கு அணியும் காலணி ஒரு விரல் அளவு பெரிதாக இருந்தால் பெரிய தீங்கு நேர்வதில்லை. தரையில் உறுதியாக ஊன்றி நிற்பது குழந்தையின் பாதமே. காலணி அதற்கு ஓர் உறை மட்டுமே. ஸ்கேட்டில் நிலைமை வேறு. சமநிலை காப்பதும், திரும்புவதும், நிறுத்துவதும் பாதம் தரும் சிறு சாய்வுகளாலேயே நிகழ்கின்றன. அந்தச் சாய்வு சிறிதும் தாமதமின்றிச் சக்கரத்தை, பனிக்கட்டி ஸ்கேட்டாயின் அடியிலுள்ள கத்தி போன்ற எஃகுத் தகட்டை, சென்றடைய வேண்டும். காலணி தளர்ந்திருந்தால் முதலில் பாதம் உள்ளே நகரும். அதன் பிறகே சக்கரம் நகரும். அந்த ஒரு நொடி இடைவெளியிலேயே குழந்தை விழுந்துவிடுகிறது.

தளர்ந்த ஸ்கேட்டில் வேறு மூன்று சிக்கல்களும் உள்ளன. முதலாவதாக, ஒவ்வோர் அடியிலும் குதிகால் மேலெழுந்து இறங்குவதால் தோல் உராய்ந்து கொப்புளம் உண்டாகிறது. இரண்டாவதாக, காலணி கழன்றுவிடாமல் இருக்கக் குழந்தை தன்னையறியாமலே கால்விரல்களை மடக்கி இறுகப் பற்றிக்கொள்கிறது. உள்ளங்காலிலும் கெண்டைக்காலிலும் பிடிப்பு ஏற்படுகிறது. மூன்றாவதாக, கணுக்காலுக்குத் தாங்கல் கிடைக்காமையால் இரு கால்களும் உட்புறமாகச் சரிகின்றன. அவ்வாறு சரிந்த கால்களைக் கண்டு, "இவனுக்குக் கணுக்காலில் வலு இல்லை" என்று பெற்றோர் எண்ணிவிடுவது உண்டு. பல வேளைகளில் குறை காலில் இல்லை, காலணியின் அளவிலேயே உள்ளது. சரியான அளவுக்கு மாற்றியவுடன் அதே குழந்தை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம்.

மிகவும் இறுக்கமான ஸ்கேட்டும் தீங்கானதே. நகத்தின் அடியில் இரத்தம் கட்டுதல், விரல் மரத்துப்போதல், கணுக்காலின் முன்புறத்தில் கயிறு அழுத்தித் தசைநாண் வீங்குதல் ஆகியவை அதனால் வரும். எனவே, நாம் தேடுவது இறுக்கமும் அன்று, தளர்வும் அன்று; குதிகால் அசையாமலும் விரல்கள் நீண்டு கிடந்தும் இருக்கும் பொருத்தமே.

எவ்வகை ஸ்கேட்?

நம் பகுதியில் தொடக்கநிலைக் குழந்தைகள் பெரும்பாலும் அணிவது, விளையாட்டுக் காலணியின் மீதே வாரிட்டுக் கட்டும் நான்கு சக்கர ஸ்கேட். அதன் அடிப்பகுதியிலுள்ள திருகைத் தளர்த்தி நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். இதில் பொருத்தத்தைத் தீர்மானிப்பது உள்ளே அணியும் காலணிதான். அடிப்பகுதி மெத்தென்று வளையும் காலணியையும், பழுதடைந்து விரிந்துபோன பள்ளிக் காலணியையும் இதற்குப் பயன்படுத்துதல் ஆகாது.

இரண்டாவது, சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட். குழந்தைகளுக்கானவற்றுள் பல, பொத்தானை அழுத்தி முன்பகுதியை இழுத்தால் மூன்று அல்லது நான்கு அளவுகள் வரை நீளக்கூடியவை. நீளம் கூடினாலும் அகலமும் குதிகால் பகுதியும் அவ்வளவாக மாறுவதில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கணுக்காலுக்கு மேல்வரை உயர்ந்து கயிறு கட்டும் கெட்டியான தோல் காலணி. கலைநயச் சறுக்கு எனப்படும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு இதையே அணிகின்றனர். அடியில் சக்கரம் பூட்டினால் தரைக்கும், எஃகுத் தகடு பூட்டினால் பனித்தளத்திற்கும் ஆகும். இந்தியாவில் பனித்தளங்கள் மிகச் சிலவே. ஷிம்லாவில் 1920 முதல் இருந்துவரும் திறந்தவெளித் தளம் அவற்றுள் பழமையானது. எனினும், கனடா போன்ற நாடுகளில் வாழும் உறவினர் பரிசாகக் கொண்டுவரும் காலணிகளைச் சில வீடுகளில் காண்கிறோம். மூவகையுள் பொருத்தத்தில் மிகுந்த கவனம் வேண்டுவது இதற்கே. ஏனெனில், இதன் தோல் எளிதில் வளையாது. தவறான அளவை இது சிறிதும் பொறுத்துக்கொள்ளாது. எடை குறைந்த சிறு குழந்தைக்கு, உயர்நிலை வீரர்கள் அணியும் மிகக் கெட்டியான வகை வேண்டாம். குழந்தை முழங்காலை மடக்கும்போது கணுக்கால் பகுதியில் காலணியும் சற்றே மடங்க வேண்டும்.

வீட்டிலேயே அளவெடுத்தல்

கடைக்குச் செல்லுமுன் வீட்டில் அளவெடுத்துக்கொள்வது நல்லது. சென்ற ஆண்டின் காலணி எண்ணை நம்பிச் செல்ல வேண்டாம்.

மாலை நேரமே அளவெடுக்க ஏற்றது. பகல் முழுதும் நடந்து ஓடிய பின், அதுவும் நம் ஊர் வெயிலில், பாதம் சற்றே உப்பியிருக்கும். பயிற்சியும் பெரும்பாலும் மாலையிலேயே நடைபெறுகிறது.

சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். ஸ்கேட்டுக்கு அணியவிருக்கும் மெல்லிய காலுறையை அணிவித்து, குதிகால் சுவரைத் தொடும்படி குழந்தையை இரு கால்களையும் ஊன்றி நேராக நிற்கச் செய்யுங்கள். உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவு குறைவாகவே காட்டும். மிக நீண்ட விரலின் நுனியில் தாளில் ஒரு கோடு இடுங்கள். பெருவிரலே எப்போதும் நீளமானது என்று கொள்ள வேண்டாம். சிலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் சில மில்லிமீட்டர் பிழை நேரும். சுவரிலிருந்து கோடு வரை உள்ள தொலைவை மில்லிமீட்டரில் குறியுங்கள். பின்னர் மற்றொரு பாதத்தையும் அவ்வாறே அளந்திடுங்கள். இரு பாதங்களும் சிறிது வேறுபடுவது பெரும்பாலோருக்கு இயல்பு. பெரிய பாதத்தின் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்து, அகலம். விரல்களுக்குச் சற்றுப் பின்னே பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தைச் சுற்றி நூலால் அளவெடுத்து, அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தறி ஓடும் வீடுகளில் நூலுக்கும் அளவுகோலுக்கும் பஞ்சமில்லை. இழுபடாத பருத்தி நூலாக இருத்தல் நலம். வீட்டிலும் கோயிற் பிராகாரங்களிலும் வெறுங்காலுடன் நடந்து வளரும் நம் குழந்தைகளின் பாதம் முன்புறம் விரிந்திருப்பது இயல்பானதே, நலமானதும்கூட. ஆனால், வெளிநாட்டில் செய்யப்பட்ட கலைநயச் சறுக்குக் காலணிகள் சிலவற்றின் முன்புறம் குறுகலானது. நீளம் பொருந்தியும் பக்கவாட்டில் அழுத்தினால், அடுத்த பெரிய எண்ணுக்குப் போகாமல், அதே நீளத்தில் அகலம் கூடிய வகை உண்டா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் அகலத்தை ஆங்கில எழுத்துகளால் தனியே குறிக்கின்றன.

எண்களின் பொருள்

காலணியின் அடியில் பொறித்த எண்கள் பலரைக் குழப்புகின்றன. ஒரே காலணியில் மூன்று நாடுகளின் எண்கள் இருப்பதும் உண்டு.

ஐரோப்பிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே 6.7 மில்லிமீட்டர் வேறுபாடு உள்ளது. எண்ணை 2 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால், காலணி வார்க்கப்படும் அச்சின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 26 என்னும் எண்ணுக்கு 17.3 செ.மீ.; 28 என்னும் எண்ணுக்கு 18.7 செ.மீ.

இந்தியக் கடைகளில் பெரிதும் வழங்கும் பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணின் இடைவெளி மூன்றில் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். குழந்தைகளுக்கான எண் 13 வரை சென்று, பிறகு மீண்டும் 1 எனத் தொடங்குகிறது. ஆகவே, "1" என்று கண்டவுடன் அது மிகச் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. அது 13-க்கு அடுத்த பெரிய அளவாகவும் இருக்கலாம். அமெரிக்க எண் இதனினும் வேறானது. சில நிறுவனங்கள் பாதத்தின் நீளத்தையே மில்லிமீட்டரில் குறிக்கின்றன. குழப்பம் மிகக் குறைந்த முறை இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குழந்தையின் பெரிய பாதம் 16.8 செ.மீ. இருக்கிறது. ஐரோப்பிய எண் 26 வாங்கினால் முன்னே அரை சென்டிமீட்டர் இடம் இருக்கும், அதுவே ஏற்றது. "வளரும் பிள்ளை" என்று 28 வாங்கினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தோடுதான் குழந்தை சக்கரத்தின் மீது நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். கலைநயச் சறுக்குக் காலணிகளில், வழக்கமான காலணி எண்ணைவிடச் சிறிய எண்ணே பொருந்துவதும் உண்டு. ஆதலால், எண்ணைவிட அளவுகோலையே நம்புங்கள். முடிந்தால் இன்சோல் எனப்படும் உள்மெத்தையை வெளியே எடுத்து, அதன் மீது குழந்தையை நிற்க வைத்துப் பாருங்கள். விரல் நுனிக்கும் மெத்தையின் நுனிக்கும் இடையே எவ்வளவு இடம் உள்ளது என்பது கண்ணுக்கே தெரியும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

இயன்றவரை குழந்தையை உடன் அழைத்துச் சென்று, அணிவித்துப் பார்த்தே வாங்குங்கள். நம் ஊரில் தேவையான அளவு கிடைக்காதபோது, சென்னை செல்லும் நாளில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இணையவழி வாங்குவதாயின், மாற்றித் தரும் வசதி உண்டா என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். வீட்டினுள் பாய் அல்லது விரிப்பின் மீது சோதித்து முடிக்கும்வரை தரையில் ஓட்ட வேண்டாம்.

முதற்சோதனை பென்சில் சோதனை. கயிற்றைக் கட்டாமல், விரல்கள் முன்பகுதியைத் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ளச் சொல்லுங்கள். குதிகாலுக்கும் காலணிக்கும் இடையே ஒரு பென்சில் நுழைய வேண்டும். உங்கள் விரல் தாராளமாக நுழைந்தால் காலணி பெரிது. பென்சிலே நுழையாவிட்டால் சிறிது.

இரண்டாவது, குதிகால் சோதனை. குழந்தை குதிகாலைத் தரையில் இருமுறை மெல்லத் தட்டிப் பாதத்தைப் பின்னே பொருத்திக்கொண்ட பிறகே கயிற்றைக் கட்ட வேண்டும். எழுந்து நின்றால் விரல் நுனிகள் முன்பகுதியை இலேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கியதும் அவை சற்றே பின்வாங்க வேண்டும். அந்நிலையில் நீங்கள் காலணியைக் கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தச் சொல்லுங்கள். குதிகால் உள்ளே மேலெழுந்தால் அந்தக் காலணி வேண்டாம்.

மூன்றாவது, பின்னிருந்து பார்த்தல். குழந்தையைக் கைப்பிடித்து நிற்க வைத்து, பின்புறம் அமர்ந்து நோக்குங்கள். கணுக்கால்கள் இரண்டும் நேராக இருக்க வேண்டும். உட்புறமாகச் சரிந்தால் முதலில் கயிற்றை அவிழ்த்து மீண்டும் ஒழுங்காகக் கட்டிப் பாருங்கள். பின்னரும் சரிந்தால் அளவையோ வகையையோ மாற்றுங்கள்.

நான்காவது, காத்திருத்தல். அணிந்தபடியே பத்து, பதினைந்து நிமிடம் இருக்கட்டும். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். இலேசான சிவப்பு விரைவில் மறைந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் ஆழ்ந்த சிவப்புத் தடம் நெடுநேரம் நின்றால், அவ்விடத்தில் நாளை கொப்புளம் வரும் என்று பொருள்.

"வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்பது போதாது. புதிய ஸ்கேட் கிடைக்கும் மகிழ்ச்சியில் எந்தக் குழந்தையும் "இல்லை" என்றே சொல்லும். "விரலை அசைத்துக் காட்டு", "எந்த இடத்தில் தொடுகிறது?" என்று கேளுங்கள், விடை கிடைக்கும்.

மிகச் சிறிய பாதம்: அளவே கிடைக்காதபோது

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும், வயதுக்குச் சிறிய உடலமைப்பு உடைய குழந்தைகளுக்கும், கடையிலுள்ள மிகச் சிறிய ஸ்கேட்டும் பெரிதாகவே இருக்கலாம். இந்நிலையில் பெற்றோர் கையாளும் சில வழிகளைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். முன்பகுதியில் துணியோ செய்தித்தாளோ திணிப்பது விரல்களை அழுத்துமே தவிர, குதிகாலைப் பிடித்து நிறுத்தாது. இரண்டு மூன்று காலுறைகளை ஒன்றன் மேலொன்றாக அணிவித்தால் அவை ஒன்றோடொன்று வழுக்கி மடிந்து, வியர்வையில் ஊறிக் கொப்புளத்தையே வரவழைக்கும். கயிற்றை மிக இறுக்கிக் கட்டுவது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

ஏற்ற வழிகள் இரண்டு. ஒன்று, நன்கு பொருந்தும் விளையாட்டுக் காலணியின் மேல் கட்டக்கூடிய, நீளம் குறைக்கத்தக்க நான்கு சக்கர ஸ்கேட்டைப் பயன்படுத்துவது. அதன் மிகக் குறைந்த நீளம் காலணியின் நீளத்தைவிடக் கூடாமல் இருக்க வேண்டும். வார்கள் கணுக்காலை எட்டிப் பிடிக்க வேண்டும்.

மற்றொன்று, காத்திருப்பது. மூன்று முதல் ஆறு வயது வரை குழந்தையின் பாதம் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆறு மாதம் பொறுத்தால் ஐந்தாறு மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் ஐரோப்பிய எண், வளர்ந்துவிடும். அதுவரை காலம் வீணாவதில்லை. நொண்டி, பாண்டி, ஒற்றைக் காலில் நிற்றல், தரையில் வரைந்த கோட்டின் மீது நடத்தல் ஆகியவை கணுக்காலுக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் தருகின்றன. வெறுங்காலுடன் ஆடுவது பாத வளர்ச்சிக்கும் நல்லது. மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 இந்தியக் குழந்தைகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தோருள் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் காணப்பட்டது. வெறுங்காலுடன் வளர்ந்தோரிடையே அது 2.8 விழுக்காடே. ஆகவே, ஸ்கேட்டைப் பயிற்சி நேரத்தில் மட்டும் அணிவித்து, வீட்டில் குழந்தையை வெறுங்காலுடன் விளையாட விடுங்கள். மிகச் சிறு வயதில் உள்ளங்கால் தட்டையாகத் தோன்றுவது இயல்பு என்பதால், மருத்துவர் சொல்லாமல் அதற்கென உள்மெத்தை எதையும் வாங்கிப் பொருத்த வேண்டாம்.

இரு பாதங்களும் ஒரே அளவில் இல்லாதபோது

இப்பகுதியைச் சில குடும்பங்களுக்காகவே எழுதுகிறோம். கிளப் ஃபுட் எனப்படும் பிறவி வளைபாதம் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுகிறது. பொன்செட்டி முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி, தேவையாயின் குதிகால் தசைநாணைச் சிறிது விடுவித்து, பின்னர் நான்கு அல்லது ஐந்து வயது வரை இரவில் தாங்கு காலணி அணிவித்தால், பெரும்பாலான குழந்தைகள் நன்கு நடந்து ஓடி விளையாடுகின்றனர். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் மைய அரசுத் திட்டத்தில் இந்நிலையும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒரு காலில் மட்டும் வளைபாதம் இருந்த குழந்தைக்கு, சிகிச்சை முழு வெற்றி பெற்ற பின்னரும் அந்தப் பாதம் மற்றதைவிடச் சிறியதாகவும், கெண்டைக்கால் சற்று மெலிந்தும் இருக்கும். அது சிகிச்சையின் குறையன்று. ஆனால், கடையில் ஒரே எண்ணுள்ள இணையை வாங்கினால் ஒரு கால் பொருந்தி, மற்றொன்று தளர்ந்துவிடும். "இவளுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது" என்ற முடிவுக்குச் சிலர் வருவது இதனாலேயே.

அம்முடிவுக்கு விரைய வேண்டாம். நீளத்தை மாற்றத்தக்க ஸ்கேட்டுகளில் வலக்காலையும் இடக்காலையும் வெவ்வேறு நீளத்தில் அமைத்துக்கொள்ள முடியும். விற்பனையாளர்கூட இதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். காலணி மேல் கட்டும் வகையாயின், ஒவ்வொரு பாதத்திற்கும் பொருந்தும் காலணியை அணிவித்து, அதற்கேற்பத் திருகை அமைக்கலாம். அளவு மாறாத தோல் காலணியே வேண்டுமாயின், வேறுபாடு சிறிதாக இருந்தால் பெரிய பாதத்திற்கு வாங்கி, சிறிய பாதத்திற்குச் செயற்கை உறுப்பு மற்றும் தாங்கி செய்யும் நிபுணரிடம் உள்மெத்தையும் குதிகால் அணையும் செய்து பொருத்தலாம். வேறுபாடு ஓர் எண்ணுக்கு மேற்பட்டால் இரு வேறு அளவில் வாங்குவதே முறை. எதிர்மாறான தேவையுள்ள வேறொரு குழந்தை கிடைத்தால் இரு குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் கிறிஸ்டி யமகுச்சி 1971-இல் வளைபாதத்துடன் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் மாவுக்கட்டும் திருத்தும் காலணியும் அணிந்து, கால்கள் வலுப்பெறும் பொருட்டே ஸ்கேட்டிங் பழகத் தொடங்கியவர். 1992-இல் ஆல்பர்ட்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் கலைநயச் சறுக்கு மகளிர் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். ஒவ்வொரு குழந்தையும் பதக்கம் வெல்ல வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. வளைபாதம் என்ற பெயர் ஒன்றே ஒரு குழந்தையைத் திடலின் ஓரத்தில் உட்கார வைக்கப் போதிய காரணம் ஆகாது என்பதற்காகவே கூறுகிறோம். தொடங்குமுன் உங்கள் எலும்பு மருத்துவரிடம் கணுக்கால் போதிய அளவு மடங்குகிறதா என்று காட்டிக்கொள்ளுங்கள். இரவில் அணியும் தாங்கு காலணியை, பயிற்சியைக் காரணமாக்கி நிறுத்திவிடக் கூடாது.

உறை, கயிறு, காப்பு

காலுறை ஓர் இணை போதும். மெல்லியதாக, மடிப்பின்றி, ஸ்கேட்டின் விளிம்பைவிட உயரமாக இருக்கட்டும். நனைந்தவுடன் மாற்ற வேண்டும். பயிற்சி முடிந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்திடுங்கள். ஸ்கேட்டின் உட்பகுதியை நிழலில் உலர்த்துங்கள்.

கயிறு விரல்களின் மேல் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் மடங்கும் இடத்தில் உறுதியாகவும், மேற்பகுதியில் ஒரு விரல் நுழையும்படியும் இருக்க வேண்டும்.

பொருந்திய ஸ்கேட் விழுதலைக் குறைக்கும், அறவே நீக்காது. விழும்போது குழந்தை இயல்பாகவே கையை ஊன்றுவதால் முன்கை எலும்பு முறிவு நேரக்கூடும். மணிக்கட்டின் அருகே எலும்பின் வளர்தட்டு இருப்பதால் அவ்விடக் காயத்தைச் சுளுக்கென்று கருதி எண்ணெய் தடவி நீவக் கூடாது. தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகள் ஆகிய நான்கும் இன்றி ஸ்கேட் அணிவிக்க வேண்டாம். வாகனங்கள் செல்லும் தெருவில் பயிற்சி கூடாது.

செலவைப் பற்றி

அளவு கூட்டி வாங்குவதன் பின்னால் இருப்பது கவனக்குறைவு அன்று, குடும்ப வரவு செலவுக் கணக்கு என்பதை நாங்கள் அறிவோம். ஆறேழு மாதத்தில் சிறிதாகிவிடும் பொருளுக்குப் பணம் செலவிட எவருக்கும் தயக்கம் உண்டு. அதற்கு மாற்று வழிகள் உள்ளன. நீளம் மாற்றத்தக்க வகை இரண்டு ஆண்டுகள் வரைகூடப் பயன்படும். முதல் சில வாரங்களுக்குப் பயிற்சி நிலையத்திலுள்ள ஸ்கேட்டுகளையே கேட்டுப் பெறலாம். ஒரே பயிற்சியில் உள்ள பெற்றோர் தங்களுக்குள் சிறிதாகிவிட்டவற்றை மாற்றிக்கொள்ளலாம். பழையதை வாங்கும்போது கணுக்கால் பகுதி மடிந்து தொய்ந்திருக்கிறதா, சக்கரங்கள் ஒருபுறமாகத் தேய்ந்துள்ளனவா, வாரும் பக்கிளும் உறுதியாக உள்ளனவா என்று பாருங்கள். எதை வாங்கினாலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரு பாதங்களையும் மீண்டும் அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

ஸ்கேட்டைக் கழற்றிய மறுநாளும் வலி நீடித்தல். குழந்தை நொண்டி நடத்தல். விரல் மரத்தல் அல்லது நகம் கருநீலமாதல். கொப்புளத்தில் சீழ் அல்லது சுற்றிலும் சிவந்த வெப்பம். விழுந்த பின் மணிக்கட்டோ கணுக்காலோ வீங்கி, கையை ஊன்ற அல்லது காலை வைக்க மறுத்தல். தலையில் அடிபட்ட பின் வாந்தி, மயக்கம் அல்லது மிகுந்த தூக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காலம் தாழ்த்த வேண்டாம். தலைக்காயத்தின் பின் வரும் இவ்வறிகுறிகளுக்கு உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். எட்டு முதல் பதினான்கு வயதில் விளையாடியபின் குதிகால் பின்புறம் தொடர்ந்து வலித்தால், அது அங்குள்ள வளர்தட்டின் அழற்சியாக இருக்கலாம். ஓய்வும் முறையான பயிற்சியும் அதைக் குணப்படுத்தும்.

முதல்வகை நீரிழிவு, இரத்தம் உறையாமை நோய், எலும்பு எளிதில் முறியும் நோய், வலிப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளையும், அண்மையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவர்களையும் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியில் சேர்க்க வேண்டாம். நீரிழிவு உள்ள குழந்தையின் பாதத்தை ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னரும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஸ்கேட்டிங் தொடர்பான கால்வலிக்காக எங்களிடம் வரும்போது, குழந்தையுடன் அந்த ஸ்கேட்டையும் காலுறையையும், பாதத்தை அளந்த தாளையும் மறவாமல் கொண்டுவாருங்கள். பல நேரங்களில் ஊடுகதிர்ப் படம் எடுக்குமுன்பே அவை எங்களுக்குக் காரணத்தைக் காட்டிவிடுகின்றன.